அம்மா முட்டி வலிக்கு மஞ்சள் கேப்சூல் எடுக்குறாங்க, தொடரலாமா?

திருப்பூர்_பனியன்காரன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. அம்மாவுக்கு 63 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம்னு எக்ஸ்ரேல வந்து மூணு வருசம் ஆச்சு. பிரஷருக்கு ஒரு மாத்திரை, சுகருக்கு மெட்ஃபார்மின் எடுக்குறாங்க. வலி மாத்திரை போட்டா வயிறு எரியுதுன்னு நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசம் முன்னாடி எங்க சித்தி ஒரு டப்பா வாங்கிட்டு வந்து குடுத்தாங்க, மஞ்சள்ல இருந்து எடுத்த இயற்கை ஆன்டிஆக்ஸிடன்ட், சைடு எஃபெக்டே கிடையாதுன்னு. டப்பாவுல போட்டிருக்கறத அப்படியே எழுதறேன்: ஒரு கேப்சூல்ல மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட் 500 மில்லிகிராம், குர்குமினாய்டு 95 சதவீதம், பைபரின் 5 மில்லிகிராம். காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு.

அம்மா வலி குறைஞ்சிருக்குன்னு தான் சொல்றாங்க. மாடிப்படி ஏறுறப்ப முன்னாடி மாதிரி கைப்பிடிய இறுக்கிப் புடிக்கறதில்ல, நானே பாத்தேன். அதனால சும்மா நிறுத்துங்கன்னு சொல்லவும் மனசு வரல. ஆனா மாசாமாசம் வருசக்கணக்கா எடுக்கலாமாங்க? டாக்டர்கிட்ட இன்னும் சொல்லல, கேட்டா "அது என்ன மருந்தா, மஞ்சள் தானே கண்ணு"ங்கறாங்க.

ஜிம்_தம்பி_சென்னை:
ப்ரோ தாராளமா குடுங்க. நானும் ஒரு வருஷமா எடுக்கறேன், கூட வைட்டமின் சி 1000, வைட்டமின் ஈ 400. நம்ம உடம்புல ஃப்ரீ ராடிக்கல்னு ஒண்ணு உருவாகிட்டே இருக்கும், அதுதான் செல்லை எல்லாம் டேமேஜ் பண்ணி வயசாக வைக்குது, ஆன்டிஆக்ஸிடன்ட் உள்ள போனா அத அடக்கிடும். நம்ம பாட்டி தாத்தா எல்லாம் மஞ்சள் சாப்பிட்டு தான 90 வயசு வரைக்கும் இருந்தாங்க. இயற்கையா கிடைக்கறது எப்படி ப்ரோ கெடுதல் பண்ணும்.

கோபி_மஞ்சக்காடு:
வணக்கம்ங்க. நாங்க கோபி பக்கம் மூணு தலைமுறையா மஞ்ச போடறவங்க, அதனால மஞ்சளப் பத்தி ஒருத்தர் கெட்டது சொன்னா எனக்கு சுருக்குன்னு தான் இருக்கும். ஆனா இந்த கேப்சூல் விசயத்துல ஒரு கணக்கு மட்டும் சொல்றேன், அம்மாகிட்டயும் சொல்லுங்க.

மஞ்சளுக்கு அந்த நிறத்தக் குடுக்கற சத்து தான் குர்குமின், டப்பாவுல குர்குமினாய்டுன்னு போட்டிருக்கறது அதுதாங்க. ஈரோட்டு மஞ்சள்ல குர்குமின் மூணு சதவீதம் வாக்குல இருக்கும், ரகத்தப் பொறுத்து கொஞ்சம் முன்ன பின்ன. மேகாலயாவுல லகடாங்னு ஒரு மஞ்ச, அதுல ஏழு சதவீதம் வரைக்கும் போகும். நம்ம மஞ்சளையே எடுத்துக்குவோம். ஒரு டீஸ்பூன் தூள் மூணு கிராம்னு வெச்சா அதுல குர்குமின் 90 மில்லிகிராம். நாலு பேர் இருக்கற வீட்டுல குழம்பு, பொரியல், ரசம் எல்லாத்துக்கும் சேத்து ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன் ஆகுமா? ஆளுக்கு இருவது இருவத்தஞ்சு மில்லிகிராம் தான் வருதுங்க. உங்க டப்பாவுல ஒரு கேப்சூல்லயே 475 மில்லிகிராம் இருக்குது. அஞ்சு டீஸ்பூனுக்கு மேல தூள ஒரே வாயில போடற மாதிரி. ரெண்டு வேளைக்கு பத்து டீஸ்பூன். நாங்க மஞ்சக்காட்டுலயே பொறந்து வளந்தவங்க, எங்க அப்பத்தா ஒரு நாளும் அப்படி சாப்பிட்டதில்ல. பாட்டி காலத்து மஞ்சளையும் இந்த டப்பாவையும் ஒரே தட்டுல வெக்கக் கூடாதுங்க.

மருந்துக்கடை_மதுரை:
கோபிக்கார அண்ணே போட்ட கணக்கு சரியான கணக்கு. நான் கடை வச்சு 20 வருசத்துக்கு மேல ஆச்சு தம்பி, எனக்கு அந்த 475-ஐ விட பக்கத்துல இருக்கிற 5 மில்லிகிராம் பைபரின், அதாவது மிளகுச் சத்து மேல தான் கண்ணு போகுது.

குர்குமினுக்கு ஒரு சிக்கல் இருக்கு, வாயில போட்டா உடம்புல ஏறவே ஏறாது. தண்ணியில கரையாது, குடல்லயும் ஈரல்லயும் அத உடனே வேற பொருளா மாத்தி வெளிய தள்ளிரும், பாதிக்கு மேல மலத்துலயே போயிரும். 1998-ல பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மெடிக்கல் காலேஜ்ல ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க, 2 கிராம் குர்குமினோட 20 மில்லிகிராம் பைபரின் குடுத்தா ரத்தத்துல 20 மடங்கு ஏறுதுன்னு வந்துச்சு. சின்ன ஆராய்ச்சி தான், ஆனா அதுக்குப் பிறகு நிறைய கம்பெனி மஞ்சக் கேப்சூல்ல மிளகுச் சத்து சேக்க ஆரம்பிச்சுட்டாங்க.

அது எப்படி ஏறுதுன்னு யோசிச்சுப் பாருங்க. ஈரலும் குடலும் செய்யிற கழிவு வேலைய பைபரின் மட்டுப்படுத்துது. அது குர்குமினுக்கு மட்டும் தனியா கதவ அடைக்காது, அதே வழியா வெளிய போக வேண்டிய மத்த மருந்தும் ரத்தத்துல தேங்கும். ஃபெனிடாயின்னு வலிப்பு மாத்திரை இருக்கு, பைபரினோட சேந்தா அது ரத்தத்துல கூடுறத அளந்தே பாத்திருக்காங்க. பிரஷர் மாத்திரைலயும் சிலது அதே வழியில தான் உடையும், உங்க அம்மா எது எடுக்குறாங்கன்னு நீங்க சொல்லல. ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், குளோபிடோக்ரெல் எடுக்குறவங்க, பித்தப்பையில கல்லு உள்ளவங்க, ஆபரேசன் தேதி குறிச்சவங்க, இவங்கெல்லாம் டாக்டர் வாயில இருந்து சரின்னு கேக்காம இதத் தொடவே கூடாது. குர்குமின் பித்தப்பைய சுருங்க வைக்கும், கல்லு இருந்தா வலி பிடிச்சுக்கும்.

இன்னொன்னு, டப்பாவத் திருப்பிப் பாருங்க. 14 இலக்கத்துல ஒரு ஃபுட் லைசன்ஸ் நம்பர் இருக்கும், பக்கத்துலயே மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்லன்னு இங்கிலீஷ்ல போட்டிருக்கும். அம்மா எடுக்கிறது முட்டி வலிக்கு. சட்டப்படி அது சாப்பாட்டுப் பொருள் கணக்குல வித்தது.

திருப்பூர்_பனியன்காரன்:
ஆமாங்கண்ணா, இப்பத்தான் திருப்பிப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே பொடி எழுத்துல இருக்குதுங்க. ரெண்டு மாசமா டைனிங் டேபிள் மேலயே இருந்த டப்பா, நான் ஒருநாள் கூட பின்னாடி படிக்கல.

ஆய்வகம்_கோவை:
உணவு டெஸ்டிங் லேப்ல வேலை பாக்கறேன். முட்டி வலிக்கு இது பொய்னு யாரும் நினைச்சுடக் கூடாதுன்னு தான் எழுதறேன், அந்த அம்மா படி ஏறுறது நல்லா இருக்குன்னா அதையும் மதிக்கணும்.

தாய்லாந்துல 2014-ல வந்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு, முட்டித் தேய்மானம் உள்ள 367 பேர். பாதிப் பேருக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் ஐபுப்ரொஃபேன்ங்கற வலி மாத்திரை, பாதிப் பேருக்கு 1500 மில்லிகிராம் மஞ்சள் எக்ஸ்ட்ராக்ட். நாலு வாரத்துல வலி குறைஞ்சது ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணு தான், வயித்து உபாதை மஞ்சள் பக்கம் கம்மி. அதே தாய்லாந்துல 2023-ல 206 பேர வச்சு அஜீரணத்துக்கு ஒமெப்ரசோல்ங்கற வயித்து அமில மாத்திரையோட ஒப்பிட்டாங்க, அதுலயும் மஞ்சள் பின்தங்கல. இதெல்லாம் நல்ல சேதி தான். ஆனா நாலு வாரம், எட்டு வாரம். ரெண்டு வருஷம் தினமும் ரெண்டு வேளை சாப்பிட்டா என்னன்னு அந்த ஆராய்ச்சில பதில் இல்ல, உங்க கேள்வியே அதுதானே.

புற்றுநோய், ஞாபக மறதி, சர்க்கரைன்னு எல்லாத்துக்கும் குர்குமின்னு சொல்றதுல எனக்கு நம்பிக்கை குறைவு. 2017-ல மருந்து வேதியியல் ஆளுங்க சிலர் சேந்து குர்குமின பத்தி ஒரு நீண்ட கட்டுரை எழுதினாங்க. இந்த மூலக்கூறு டெஸ்ட் டியூப்ல எதப் போட்டாலும் வேலை செய்யற மாதிரியே காட்டும், தானே நிறம் காட்டும், தானே உடைஞ்சு போகும், புரதத்துல எல்லாம் ஒட்டிக்கும், அதனால லேப்ல வர்ற பாசிட்டிவ் ரிசல்ட்ல நிறைய ஏமாத்துன்னு விளக்கமா காட்டினாங்க. நானே குர்குமின் கரைசல பெஞ்ச் மேல வெளிச்சத்துல மறந்து வச்சுட்டுப் போயி மறுநாள் பாத்தா நிறம் செத்துக் கெடந்திருக்கு. அதனால தான் பழுப்பு பாட்டில்ல ஃபாயில் சுத்தி வைப்போம்.

ஜிம் தம்பிக்கு: ஃப்ரீ ராடிக்கல் எல்லாம் எதிரி இல்லப்பா. கிருமியக் கொல்ல நம்ம வெள்ளை அணுவே அத உண்டு பண்ணும். தசைக்கு "இன்னும் வலுவாகு"ன்னு சொல்ற சிக்னலும் அதுதான். 2009-ல ஜெர்மனில இளவட்டப் பசங்கள நாலு வாரம் உடற்பயிற்சி செய்ய வச்சு, ஒரு பிரிவுக்கு நீ எடுக்கற அதே அளவு, வைட்டமின் சி 1000 மில்லிகிராமும் ஈ 400 யூனிட்டும் குடுத்தாங்க. மாத்திரை எடுக்காதவங்களுக்கு இன்சுலின் நல்லா வேலை செய்ய ஆரம்பிச்சது. எடுத்தவங்களுக்கு அந்தப் பலன் வரவே இல்ல. நீ ஜிம்ல படற பாட்டுக்கு மாத்திரை குறுக்க நிக்குது.

ஜிம்_தம்பி_சென்னை:
இது எனக்கு நிஜமாவே தெரியாது சார். ட்ரெய்னர் சொன்னாருன்னு வாங்கினேன். ஆனா ஒரு டவுட்டு, பலன் கம்மியாகலாம் சரி, கெடுதல் எப்படி? பழம் காய்ல இருக்கறது தான?

ஆய்வகம்_கோவை:
கேரட்டுக்கு நிறம் குடுக்கற பீட்டா கரோட்டின தெரியும்ல. கேரட், கீரை நிறைய சாப்பிடறவங்களுக்கு நுரையீரல் கேன்சர் கம்மியா இருக்குன்னு பாத்துட்டு, ஃபின்லாந்துல 29,133 ஆம்பளைங்க, எல்லாரும் சிகரெட் புடிக்கறவங்க, அவங்கள்ல ஒரு பகுதிக்கு அஞ்சு முதல் எட்டு வருஷம் தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் மாத்திரை குடுத்துப் பாத்தாங்க. 1994-ல முடிவு வந்தப்ப மாத்திரை எடுத்தவங்களுக்கு நுரையீரல் கேன்சர் 18 சதவீதம் அதிகம். குறையும்னு நினைச்சு ஆரம்பிச்ச ஆராய்ச்சி அது. அமெரிக்காவுல அதே மாதிரி இன்னொண்ணு நடந்துட்டு இருந்தது, அங்கயும் 28 சதவீதம் கூடுதுன்னு தெரிஞ்சதும் 1996-ல பாதியிலயே நிறுத்திட்டாங்க. கேரட்ட யாரும் குறை சொல்லல. கேரட்ல இருந்து ஒண்ண மட்டும் பிரிச்சு, அளவக் கூட்டி, மாத்திரையா வருஷக்கணக்குல குடுத்தா அது வேற பொருள்.

சேலத்து_மருமக:
ரெண்டு நாளா படிச்சிட்டு எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். எங்கப்பாவுக்கு நடந்தத சொல்லிடறேன், எந்தக் கம்பெனி எந்த ஆஸ்பத்திரின்னு கேக்காதீங்க, அது முக்கியமில்ல.

அப்பாவுக்கு 67. தோள்பட்டை வலிக்கு இதே மாதிரி மஞ்சளும் மிளகும் சேந்த கேப்சூல் மூணு மாசம் எடுத்தார். முதல்ல பசி போச்சு. சோம்பு தாளிக்கற வாசனை வந்தாலே எந்திரிச்சு வெளிய போயிடுவார், அப்பா சாப்பாட்டப் பாத்து முகம் சுளிச்சு நான் பாத்ததே இல்ல. அப்புறம் மூத்திரம் கட்டங்காப்பி மாதிரி போகுதுன்னு அம்மாகிட்ட சொல்லியிருக்கார். அம்மா என்ன சொன்னாங்க தெரியுமா, மஞ்ச மாத்திரை சாப்பிட்டா மஞ்சளாத்தான் போகும்னு. அப்பாவும் சரின்னு விட்டுட்டார். எங்க எல்லாருக்குமே அது நியாயமாத்தான் பட்டுச்சு. பத்து நாள் அப்படியே போயிடுச்சு.

ஒரு ஞாயித்துக்கெழம வாசல்ல ஸ்டூல் போட்டு கண்ணாடி வெச்சு ஷேவ் பண்ணிட்டு இருந்தார், வெயில் நேரா மூஞ்சில விழுந்துச்சு, நான் காபி குடுக்கப் போனேன், கண்ணு ரெண்டும் எலுமிச்சம்பழம் மாதிரி இருந்துச்சு. காமாலைன்னு உடனே தெரிஞ்சிடுச்சு. அப்பவும் நாங்க ஆஸ்பத்திரி போகல, கீழாநெல்லிய மோருல அரைச்சு அஞ்சு நாள் குடுத்தோம், பத்தியம் இருந்தோம். அரிப்பு தாங்காம ராத்திரி பூரா முதுகச் செவுத்துல தேச்சிட்டு நின்னார், அதப் பாத்துட்டுத் தான் கூட்டிட்டுப் போனோம்.

ரத்தத்துல காமாலை அளவு காட்டற பிலிருபின் 11, ஈரல் கெட்டா ஏறுற எஸ்ஜிபிடி ஆயிரத்த தாண்டியிருந்துச்சு. ஹெபடைடிஸ் ஏ, பி, சி, ஈ எல்லாம் பாத்தாங்க, எதுவும் இல்ல. ஸ்கேன்ல அடைப்பும் இல்ல. குடிப்பாரா, இல்ல. வேற மருந்து என்ன எடுக்கறார், ஒண்ணுமில்லன்னு நாங்க மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னோம். பொய் சொல்லணும்னு சொல்லல, அந்த டப்பா எங்க கணக்குல மருந்தே இல்ல. மூணாவது நாள் ட்ரிப்ஸ் மாத்த வந்த நர்ஸம்மா தான் "டானிக்கு, சத்து மாத்திரை, நாட்டு மருந்து ஏதாச்சும்?"னு அம்மாகிட்ட கேட்டிருக்காங்க. அம்மா அவங்க பையத் தொறந்து அந்த டப்பாவ எடுத்துக் குடுத்தாங்க. ஆஸ்பத்திரிலயும் அப்பா வேளை தவறாம சாப்பிடட்டும்னு கொண்டு வந்திருக்காங்க, மூணு நாளும் குடுத்தும் இருக்காங்க.

நிறுத்தின பிறகு தான் எறங்க ஆரம்பிச்சது. முழுசா நார்மலுக்கு வர ரெண்டரை மாசம் ஆச்சு. அப்பா இப்ப நல்லா இருக்கார். அம்மா தான் இன்னும் அந்த நாளப் பத்திப் பேச்செடுத்தா அழுவாங்க.

மெல்பேர்ன்_அன்ரி:
தங்கச்சி, வாசிக்க நெஞ்சு பதறுது. அப்பா தப்பினது கடவுள் புண்ணியம். அம்மாவைக் குற்றம் சொல்லாதேங்கோ, எங்கட சனத்தில ஆர் எண்டாலும் அப்பிடித்தான் நினைச்சிருப்பினம்.

நான் இஞ்ச அவுஸ்திரேலியாவில 22 வருசமா இருக்கிறன். இஞ்சத்த மருந்துக் கட்டுப்பாட்டுக்காரர், டி.ஜி.ஏ., 2023 ஆகஸ்ட்டில மஞ்சள் குளிசையளைப் பற்றி ஒரு எச்சரிக்கை விட்டவை. அதுவரைக்கும் ஈரல் பிரச்சினை எண்டு 18 முறைப்பாடு வந்ததாம், அதில ஒன்பதில குளிசை காரணமா இருக்கலாம் எண்டு சொல்லுற அளவுக்குத் தகவல் இருந்தது, ஒராள் செத்தும் போனவர். கனபேர் பாவிக்கிற சாமான், அதில 18 பேர் எண்டா அரிதுதான், சும்மா பயப்படுத்த எழுதேல்ல. சாப்பாட்டில போடுற மஞ்சளுக்கு இந்த எச்சரிக்கை இல்லை எண்டும் அதிலயே தெளிவாச் சொல்லியிருக்கினம். உடம்பில நல்லா ஏறச் செய்த வகையளும் கூடின அளவும்தான் கவனிக்க வேணுமாம். எனக்கும் இடுப்பு நோவுக்கு மகள் வாங்கித் தந்து ஒரு போத்தில் கிடந்தது, ஜி.பி.யிட்ட, எங்கட குடும்ப டொக்டரிட்டக் காட்ட அவர் முதல் கேட்ட கேள்வியே இதில மிளகு இருக்கோ எண்டுதான்.

ஆய்வகம்_கோவை:
சேலத்து அக்கா எழுதினது நூத்துக்கு நூறு பாடப்புத்தகத்துல வர்ற மாதிரி இருக்கு. அமெரிக்காவுல மருந்தால ஈரல் கெடறத பதிவு பண்ற ஒரு கூட்டமைப்பு இருக்கு, அவங்க 2022-ல மஞ்சளால வந்த பத்து கேஸ வெளியிட்டாங்க. பத்துல அஞ்சு பேர் ஆஸ்பத்திரில சேந்தவங்க, ஒருத்தர் இறந்துட்டார். அந்தப் பத்துல ஏழு பேருக்கு ஹெச்.எல்.ஏ-பி 35:01 னு ஒரு மரபணு வகை பொதுவா இருந்தது. அதாவது இது யாருக்கு வரும்ங்கறதுக்கு ஒரு பிறவிக் காரணம் உள்ள இருக்கற மாதிரி தெரியுது. பக்கத்து வீட்டுக்காரர் ரெண்டு வருஷம் சாப்பிட்டு நல்லா இருக்கார்ங்கறது உங்க வீட்டுக்கு உத்தரவாதம் ஆகாது. இத்தாலிலயும் இதே மாதிரி கேஸ் வந்து, ஈரலுக்கு நல்லதுன்னு மஞ்சள் மாத்திரை டப்பால போடவே 2022-ல தடை பண்ணிட்டாங்க.

மருந்துக்கடை_மதுரை:
அந்த அக்கா சொன்னதுல எனக்கு சுருக்குன்னு பட்டது அந்த நர்ஸம்மா கேட்ட கேள்வி தான். இனிமே என் கடையில சீட்டு நீட்டுற எல்லார்கிட்டயும் அதே வார்த்தையில கேக்கப் போறேன், "வேற மருந்து"ன்னு கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, "சத்து மாத்திரை"ன்னு கேட்டா சொல்லுவாங்க.

திருப்பூர் தம்பி, பசியின்மை, குமட்டல், மூத்திரம் நிறம் மாறுறது, அரிப்பு, வலது பக்க விலாவுக்குக் கீழ கனம், இதுல ஒண்ணு இருந்தாலும் அன்னைக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. ஒண்ணும் இல்லாட்டியும் ஒரு எல்.எஃப்.டி. எடுத்துப் பாருங்க, ஈரல் எப்படி இருக்குன்னு பாக்குற சாதாரண ரத்தப் பரிசோதனை தான்.

கோபி_மஞ்சக்காடு:
படிச்சுட்டு ஒரு நாள் பூரா மனசே சரியில்லைங்க. 1995-ல அமெரிக்காக்காரன் புண்ணுக்கு மஞ்ச போடறதுக்கே பேட்டன்ட் வாங்கி, நம்ம அரசாங்க ஆராய்ச்சி அமைப்பு சி.எஸ்.ஐ.ஆர். பழைய நூல் எல்லாம் எடுத்துக் காட்டி 1997-ல அத ரத்து பண்ண வெச்சாங்கன்னு எங்கய்யன் பெருமையா சொல்லுவார். அந்தப் பெருமை எனக்கும் இருக்குது. 2019-ல ஈரோட்டு மஞ்சளுக்கு புவிசார் குறியீடு வந்தப்ப ஊர்ல எல்லாருக்கும் இனிப்பு குடுத்தோம். அதுக்காக ஒருத்தர் வீட்டுல நடந்தத மறைக்க முடியாதுங்க.

தூள் வாங்கறவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். நிறம் பளிச்சுன்னு வரணும்னு லெட் குரோமேட் கலக்கற ஆளுங்க இருக்கறாங்க, ஈயம் அது, கொழந்தைங்க மூளையக் கெடுக்கும். 2024-ல வந்த ஒரு ஆய்வுல பாட்னா, கராச்சி, பெஷாவர்ல எடுத்த மஞ்சள் சிலதுல ஈயம் அளவுக்கு மேல நூறு மடங்கு கணக்குல இருந்துச்சு. பங்களாதேஷ்ல இதே பிரச்சனை பெருசா இருந்து, 2019-க்கு அப்பறம் அரசாங்கம் இறங்கி ரெண்டே வருசத்துல சந்தையில இருந்தே ஒழிச்சுட்டாங்க, மனசு வெச்சா முடியுதுங்க. முடிஞ்சா தூளா வாங்காம விரலியா, முழு மஞ்சளா வாங்குங்க. கையில உடைச்சா டக்குனு கெட்டியா ஒரு சத்தம் வரணும், வளைஞ்சு பிஞ்சா காயல. உள்ள ஆரஞ்சு சாயல்ல இருக்கணும். தண்ணி டம்ளர்ல ஒரு விரலிய போட்டு வையுங்க, போட்ட உடனே மஞ்சளா சாயம் எறங்குச்சுன்னா மேல பூசியிருக்கறாங்க. இது மேலோட்டமான சோதனை தான், சந்தேகம் இருந்தா லேப்ல குடுக்கறது தான் சரி.

திருப்பூர்_பனியன்காரன்:
எல்லாருக்கும் கும்பிடு போடணுங்க. சேலத்து அக்கா எழுதினத அன்னைக்கு ராத்திரியே அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். கீழாநெல்லி வரைக்கும் சும்மா கேட்டுட்டு இருந்தாங்க, அந்தப் பையில இருந்து டப்பா எடுத்துக் குடுத்த எடத்துல "பாவம் அந்தம்மா"ன்னு சொல்லிட்டு அவங்களே எந்திரிச்சுப் போயி டப்பாவ எடுத்து என் கைல குடுத்துட்டாங்க.

நேத்து டாக்டர்கிட்ட டப்பாவோடயே போனோம். திட்டல, நல்லவேளை கொண்டு வந்தீங்கன்னு சொன்னாரு. எல்.எஃப்.டி. நார்மல், எஸ்ஜிபிடி 31. இப்போதைக்கு கேப்சூல் வேண்டாம், ரெண்டு மாத்திரை ஏற்கனவே ஓடுது, வேணும்னா பைபரின் இல்லாதது குறைஞ்ச நாளுக்கு, ரத்தம் பாத்துப் பாத்துக் குடுக்கலாம், அதுவும் அப்பறம்னு சொன்னாரு. முட்டிக்குத் தடவ ஒரு ஜெல் எழுதினாரு, பிசியோகிட்ட அனுப்பினாரு. அந்தப் பொண்ணு துண்ட சுருட்டி முட்டிக்கு அடியில வெச்சு, அதைக் கீழ அமுக்கி பத்து எண்ணச் சொல்லிக் குடுத்துச்சு, காலைல பத்து தடவ, சாயங்காலம் பத்து தடவ. அம்மா சீரியல் பாக்கறப்ப செய்யறாங்க, எண்ணறது மட்டும் ஆறுலயே நிறுத்திடறாங்க, நான் பக்கத்துல உக்காந்து எண்ணறேன்.

சித்திகிட்டயும் சொல்லிட்டேன், அவங்களும் எடுத்துட்டு இருந்தாங்களாம், நாளைக்கு ரத்தம் குடுக்கப் போறாங்க.

கோபி அண்ணா, அம்மா உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க, வீட்டுக்கு வருசத்துக்கு ரெண்டு கிலோ விரலி வேணுமாம், நேரா உங்க காட்டுல இருந்து வாங்க முடியுங்களா?

கோபி_மஞ்சக்காடு:
தாராளமா வாங்கிக்கலாம்ங்க. தை பொறந்ததும் வெட்டு ஆரம்பிச்சுருவோம், வேக வெச்சு காய ரெண்டு வாரம், பாலிஷ் போட்டு எடுக்க மாசிக் கடைசி ஆகிடும். அம்மாவுக்கு பாலிஷ் அதிகம் போடாம தனியா எடுத்து வெக்கறேன், பாக்க மங்கலாத்தான் இருக்கும், அரைச்சா நிறம் வந்துரும். தனி மெசேஜ் அனுப்புங்க, பஸ் ஸ்டாண்டுல வந்து குடுக்கறேன்.